நின்று நின்று ஓடிய வண்டி

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். 1974-ம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து அடுத்த தை வரையில் அவர் கண்ணாடி துடைத்ததைப்போல் அதற்கு முன்பும் துடைத்ததில்லை, பின்பும் துடைத்ததில்லை. இவ்வளவுக்கும் காரணம், மோட்டார் வைத்த ஒரு சைக்கிள்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் ஊரிலிருந்து அவருடைய பள்ளிக்கூடம் ஏழு மைல். போக ஏழு, வர ஏழு, ஆகப் பதினாலு மைல் தினமும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டியதும் இரைப்பு வந்தது. "சைக்கிளை விட்டுவிடுங்கள்" என்றார் டாக்டர். பஸ்ஸோ அவர் வேளைக்கு வராது. அம்மா ஒன்றும் பேசாமல் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். அந்தப் பணத்தில் வந்து சேர்ந்தது, யாரோ ஓட்டிக் கழித்த ஒரு மொபெட். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். குற்றம் வண்டி செய்தவர்களுடையது அல்ல என்பது பின்னால் தெரியும். விற்றவர் நல்ல மனசுடன் டாங்குக்கும் அதன் மூடிக்கும் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார். கிளி மாதிரி இருக்கிறது என்று தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிளி மூன்று மைல் பறக்கும். மூன்றாவது மைலில் ஒரு மதகு இருக்கிறது. மதகை நெருங்கும்போது வண்டி முதலில் இருமும். பிறகு இழுக்காது. பிறகு நின்றுவிடும். அப்பா இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடியைத் திருகிவிட்டு மிதித்தால், உடனே கிளம்பிவிடும்! மறுபடியும் இரண்டு மூன்று மைலில் இருமல்.

மதகடியில் முனீஸ்வரன் இருப்பதாக ஊரில் ஐதீகம். அம்மா ஒரு வெள்ளிக்கிழமை அங்கே தேங்காய் உடைத்தாள். முனீஸ்வரன் தேங்காயை ஏற்றுக்கொண்டார்; வண்டி ஏற்றுக்கொள்ளவில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோனார் அப்பா. மெக்கானிக் முதல் காரியமாக டாங்க் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். மிதித்தார். வண்டி கணீரென்று ஓடியது. "சார், வண்டியிலே ஒண்ணுமில்லே" என்றார். ஆனாலும் அப்பாவின் முகத்துக்காக ஒரு புது பிளக் போட்டார். அடுத்த தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அதற்கடுத்த தடவை காயில். ஒவ்வொரு தடவையும் பணம். ஒவ்வொரு தடவையும் மதகு.

ஒரு நாள் அம்மா மெதுவாக, "அதை எனக்குக் கொஞ்சம் காட்டுங்களேன், எங்கேதான் நிற்கிறது என்று பார்க்கலாம்" என்றாள். "மோட்டாரைப் பற்றி உனக்கென்ன தெரியும்?" என்றார் அப்பா. அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

தை மாதம் அப்பா வண்டியைப் பாதி விலைக்குப் பால்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, பழைய சைக்கிளை எடுத்துத் துடைத்தார்.

கதையின் பாக்கியைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. பிற்காலத்தில் நான் எழுத்தாளனாக ஆன பிறகு, அந்த மதகடி மர்மம் மனசை அரித்ததாலோ என்னவோ, மோட்டார் வைத்த சைக்கிள்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் ஒரு விஷயம் விளங்கிற்று. இந்த வண்டியின் சரித்திரம் ஓடிய சரித்திரம் அல்ல. நின்று நின்று, ஏன் நின்றது என்று யாரோ பொறுமையாகக் கேட்டுக் கேட்டு ஓடவைத்த சரித்திரம்.

யந்திரம் ஓடுவதற்கு நம்முடைய குத்துவிளக்குக்கு என்ன வேண்டுமோ அதுதான் வேண்டும்: நெருப்பு, எண்ணெய், காற்று. மூன்றும் சரியான அளவில், சரியான க்ஷணத்தில் சேர வேண்டும். சேர்ந்ததைப் பிஸ்டன் நன்றாக அமுக்கவும் வேண்டும். வண்டி நின்றுவிட்டதென்றால் இவற்றில் ஒன்று வரவில்லை என்று அர்த்தம். நல்ல மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கேட்பார். மோசமான மெக்கானிக் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவார்.

முதலில் நெருப்பைப் பார்ப்போம்.

1885-ம் ஆண்டு ஜெர்மனியில் கான்ஷ்டாட் என்ற ஊரில் காட்லீப் டெய்ம்லர் என்பவர் மரச் சட்டமும் மரச் சக்கரமும் கொண்ட ஒரு வண்டியில் பெட்ரோல் யந்திரத்தைப் பொருத்தினார். 264 சி.சி. யந்திரம், அதன் சக்தி அரைக் குதிரை. அந்த ஆண்டு நவம்பரில் அவருடைய மகன் பால் அதை ஓட்டிப் பார்த்தான். அந்த நாளில் பிளக் கிடையாது. யந்திரத்தின் தலையில் ஒரு சிறு குழாய். அதை வெளியிலிருந்து ஒரு சுடர் பழுக்கக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே அமுக்கப்பட்ட வாயு அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். இந்த அடுப்பு இருந்த இடமோ, உட்காருகிற ஆசனத்துக்கு நேர் கீழே! ஓடும்போது ஆசனத்தில் நெருப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லுவார்கள். உலகத்தின் முதல் மோட்டார் சைக்கிள் சவாரி அவ்வளவு சுகமாக இருந்திருக்கிறது.

1897-ல் பாரிஸில் வெர்னர் சகோதரர்கள் சாதாரண சைக்கிளின் முன் சக்கரத்துக்கு மேலே யந்திரத்தை வைத்தார்கள். அதிலும் ஆரம்பத்தில் இதே காய்ச்சின குழாய்தான். பாரம் உயரத்தில் இருந்ததால் ஈரத் தெருவில் வண்டி எளிதில் சறுக்கி விழும். விழுந்தால் சுடரும் பெட்ரோலும் சந்தித்துக்கொள்ளும். சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் மனம் தளரவில்லை. குழாயை எடுத்துவிட்டு மின்சாரப் பொறியை வைத்தார்கள். 1901-ல் யந்திரத்தைக் கீழே இறக்கி, பெடல் இருக்கும் இடத்தருகே சட்டத்தோடு பொருத்தினார்கள். இன்றைக்கும் மோட்டார் சைக்கிள்களில் யந்திரம் அந்தத் தாழ்வான நடு இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. மறு ஆண்டு, 1902-ல், ஷ்டுட்கார்ட் நகரத்தில் ராபர்ட் பாஷின் பட்டறையில் காட்லோப் ஹோனால்ட் என்ற எஞ்சினியர் பலமான மின்சாரத்தைத் தரும் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் செய்து முடித்தார். பாட்டரி இல்லாமலே, சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே பொறி பிறந்தது.

ஆகவே நெருப்பு வருகிறதா என்று பார்ப்பது சுலபம். பிளக்கைக் கழற்றி, ஒயரோடு யந்திரத்தின் உடம்பில் சாய்த்து வைத்துப் பெடலை மிதித்தால், நீலப் பொறி தெறிக்க வேண்டும். பொறி மஞ்சளாக, சோனியாக வந்தால் காயிலையோ பாயின்டையோ சந்தேகிக்கலாம். பிளக்கின் முனையையும் பார்க்கலாம். காப்பிப்பொடி நிறமாக இருந்தால் சௌக்கியம். கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற வைத்தியர் மாதிரிதான்.

இனி எண்ணெய். இதற்கு ஜப்பானுக்குப் போகவேண்டும்.

ஹமமாட்சு என்ற நகரம் யுத்தத்தில் குண்டு விழுந்து சாம்பலாகியிருந்தது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கொல்லருடைய மகனாக 1906-ல் பிறந்தவர் ஸோயிசிரோ ஹோண்டா. அப்பா கொல்லுலையோடு பின்னால் சைக்கிள் ரிப்பேரும் செய்தார். மகன் டோக்கியோவில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு திரும்பினார். பிறகு பிஸ்டன் ரிங் செய்யப் புறப்பட்டார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றுப் புகாமல் அணைத்து நிற்கிற வளையம் அது. அது தேய்ந்தால் அமுக்கம் போய்விடும். அமுக்கம் போனால் வண்டி மேடு ஏறாது. டொயோட்டா கம்பெனிக்கு அவர் காட்டிய 50 ரிங்குகளில் 3 மட்டுமே தேறினவாம். வயது வந்த மனிதர், தொழிற்சாலை முதலாளி, வெட்கப்படாமல் தொழில்நுட்பப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பையன்களோடு உட்கார்ந்து உலோக சாஸ்திரம் படித்தார். கடைசியில் ரிங் தேறிற்று. யுத்தம் முடிந்ததும் அந்தத் தொழிற்சாலையை விற்றுவிட்டு, ஒரு வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

1946-ம் ஆண்டு. ரயில்களில் கூட்டம் தாங்கவில்லை. அரிசிக்கும் காய்கறிக்கும் ஜனங்கள் சைக்கிளில் மைல் கணக்காக அலைந்தார்கள். அப்பொழுது ஹோண்டாவின் கண்ணில் ஒரு பொருள் பட்டது. ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் உண்டாக்குவதற்காகச் செய்த சின்னஞ்சிறு யந்திரம். ராணுவமே இல்லாமற்போன பிறகு அது யாருக்கு வேண்டும்? அந்த மாதிரி சுமார் 500 யந்திரங்களை அவர் சேகரித்தார். ஒவ்வொன்றையும் பிரித்து, திருத்தி, பூட்டி, சைக்கிளில் வைத்தார். முதல் வண்டிக்கு பெட்ரோல் டாங்க் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் படுக்கையில் வைத்துக்கொள்கிற வெந்நீர்க் குப்பி ஒன்று வீட்டில் இருந்தது. அதுவே டாங்க் ஆயிற்று.

டாங்க் கிடைத்தது, அதில் ஊற்றப் பெட்ரோல்? அதற்குக் கடுமையான கட்டுப்பாடு. யுத்தக் கடைசியில் ஜப்பானியர் தேவதாரு இனத்துப் பைன் மரத்தின் வேரைத் தோண்டி, காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். அந்தக் கர்ப்பூரத் தைலத்தைக் கிடைத்த கொஞ்சம் பெட்ரோலில் கலந்து ஹோண்டாவின் வண்டிகள் ஓடின. ஓடின என்பதைவிட, ஓடப் பார்த்தன என்பது பொருத்தம். தைலம் பெட்ரோலைப்போல் லேசில் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் பற்றாது. குளிர்ந்த காலையில் யந்திரம் சூடேறுகிற வரையில் வண்டிக்காரர் மிதித்துத் தள்ளவேண்டியதுதான். சூடேறினால் படபடவென்று சத்தம் வரும். ஜனங்கள் அந்தச் சத்தத்தையே பெயராக வைத்து 'பாட்டாபாட்டா' என்று அழைத்தார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் இத்தாலியில் வந்த சைக்கிள் யந்திரத்துக்கு, அது நாய்க்குட்டி மாதிரி குரைத்ததால், 'நாய்க்குட்டி' என்றே பெயர் வைத்தார்கள். தோற்ற நாடுகளில் பெரிய கார் வாங்க யாரிடமும் பணமில்லை. குரைக்கிற சைக்கிள்தான் ஜனங்களைச் சந்தைக்கும் வேலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மோட்டாரும் பெடலும் சேர்ந்த இந்த ஜாதிக்கு 'மொபெட்' என்ற பெயரை ஸ்வீடன் தேசத்துப் பத்திரிகையாளர் ஹரால்ட் நீல்சன் சூட்டியது 1952-ல்.

இந்த ஹமமாட்சுக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. வண்டி தயாரானதும் ஹோண்டா அதைத் தம் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாளின் பெயர் ஸாச்சி. காய்கறிக்காகத் தினமும் தூரம் போகிறவள் அவள்தான்; பெண்கள் ஓட்ட முடியுமா என்றும் தெரியவேண்டும். அவள் தன்னிடமிருந்த நல்ல கால்சட்டையை அணிந்துகொண்டு, ஜனங்கள் பார்க்கத் தெருவெல்லாம் ஓட்டினாள். திரும்பி வந்தபோது கால்சட்டை முழுதும் எண்ணெய். இது உதவாது, வாங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்று புருஷனிடம் நேராகச் சொல்லிவிட்டாள். ஹோண்டா முன்கோபி. பட்டறைப் பையன்கள் அவர் கையில் இருக்கும் ஸ்பானரைப் பார்த்து நடுங்குவார்கள். அப்படிப்பட்டவர் அன்று சத்தம் போடவில்லை. அப்படியா என்று கேட்டுக்கொண்டு, வண்டியைப் பார்த்தார். கார்புரேட்டரிலிருந்து எண்ணெய் கலந்த பெட்ரோல் பின்பக்கமாகத் திரும்பித் தெறித்துக்கொண்டிருந்தது. துணியைக் கெடுப்பது மட்டுமா? உள்ளே போகவேண்டிய தீனியல்லவா வெளியே சிந்துகிறது! அந்தக் குறையை நீக்கினார்கள். ராணுவ யந்திரங்கள் தீர்ந்தபின் 1947-ல் அவர் சொந்தமாகச் செய்த முதல் யந்திரத்தில், பெட்ரோல் வாயு உள்ளே போகிற வழியைச் சுழலும் தகடு ஒன்று வேளையறிந்து திறந்து மூடிற்று. அது 50 சி.சி.; சக்தி அரைக் குதிரை. டெய்ம்லருக்கு அரைக் குதிரை எடுக்க 264 சி.சி. தேவைப்பட்டது. அறுபத்திரண்டு வருஷத்தில் குதிரை அவ்வளவு சின்ன லாயத்துக்குள் அடங்கிவிட்டது.

1948-ல் கம்பெனி பிறந்தது. 1952-ல் வெள்ளை டாங்கும் சிவப்பு யந்திரமும் கொண்ட 'கப்' என்ற சைக்கிள் மோட்டாரை விற்க, தாகேயோ பூஜிஸாவா என்ற கூட்டாளி நாடெங்கும் சுமார் 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். சைக்கிள் கடைக்காரருக்கு மோட்டார் தெரியாதே என்று அவர் எண்ணவில்லை. சங்கிலி கழன்றால் மாட்டத் தெரிந்தவனுக்கு இதுவும் பிடிபடும் என்று நம்பினார். 1958-ல் வந்த 'சூப்பர் கப்' 2017-ல் பத்துக் கோடியைத் தாண்டிற்று. ஹோண்டா அதைக் காணவில்லை, 1991-லேயே காலமாகிவிட்டார்.

நெருப்பும் எண்ணெயும் ஆயிற்று. மிச்சம் காற்று. காற்றைத்தான் எல்லோரும் மறந்துபோவார்கள், கண்ணுக்குத் தெரியாதல்லவா? கார்புரேட்டரின் காற்று வடிகட்டியில் தூசு அடைத்தால் வண்டி மூச்சுத் திணறும். எங்கேயாவது வாஷர் கிழிந்து, வேண்டாத காற்று புகுந்தால் கதி கெட்டு ஓடும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் வண்டியானால் கரி சேர்ந்து, சைலன்ஸரின் வாயை அடைத்துவிடும். புகை வெளியேறாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது. இவையெல்லாம் மெக்கானிக்குகள் அறிந்தவை. ஆனால் காற்று இன்னோர் இடத்திலும் வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு வாசலுக்கு வாருங்கள்.

வண்டியை விற்று மூன்று வாரம் இருக்கும். விடியற்காலையில் படபடவென்று சத்தம் கேட்டது. பால்காரர் பச்சை வண்டியில், பக்கத்துக்கு இரண்டு கேன் தொங்க, வந்து நின்றார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"வாத்தியாரய்யா, வண்டி இப்போ நிக்கறதில்லீங்க" என்றார் பால்காரர்.

"எவ்வளவு செலவாயிற்று?"

பால்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துக் காட்டினார். "இதுதாங்க. எனக்கும் மதகடியிலே நின்னுது. மூடியைத் தொறந்தேன், உஸ்ஸுன்னு காத்து உள்ளே போச்சு. இது என்னடா, சோடா புட்டி மாதிரின்னு பார்த்தேன். மூடியிலே ஒரு துவாரம் இருக்கணுமில்லீங்களா? பெயின்ட் அடிச்சப்போ அடைச்சிருக்கு. குத்தி விட்டேன். எண்ணெய் டின்னுக்கு ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டா எண்ணெய் வருங்களா? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போட்டாத்தானே காத்து போய் எண்ணெய் விழும்?"

அவ்வளவுதான் சங்கதி. டாங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று வரவில்லை. மூன்று மைலில் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். திறந்து பார்த்தால் காற்று புகுந்துவிடும், வண்டி ஓடும். அப்பா தினமும் தம் கையாலேயே நோயைக் குணப்படுத்திவிட்டு, என்ன நோய் என்று தெரியாமல் மூடிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கும் அதையேதான் செய்தார்.

பால்காரர் யோக்கியர். "வேணும்னா நான் குடுத்த பணத்தை மட்டும் குடுத்துட்டு வண்டியை எடுத்துக்குங்க" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்தப் பணம் என் தமக்கையின் காலேஜ் சம்பளமாகப் போய்விட்டிருந்தது. பால்காரர் சற்று நேரம் நின்றுவிட்டு, வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பல வருஷம் அந்தப் படபட சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்தது. அப்பா ரிட்டையர் ஆகிற வரையில் சைக்கிளையே மிதித்தார். அம்மாவின் சங்கிலி மீளவில்லை.

அன்று காலை பால்காரர் போனதும் அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். கையில் பித்தளைச் செம்பு. அவள் எத்தனையோ எண்ணெய் டின்களுக்கு ஆணியால் இரண்டு ஓட்டை போட்டவள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அப்பாவும் நினைத்திருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பால் காயப் போடுகிறேன். காப்பி இப்போதே வேண்டுமா, குளித்துவிட்டா?" என்றாள் அம்மா.